ரெண்டாவதா பாடுறவங்க

மேட்ச் முடிஞ்சிருச்சுன்னு யூட்யூப்ப மூடப் போனேன், அப்பத்தான் பாத்தேன், பிளேயர்ஸ் யாரும் கிரவுண்ட விட்டுப் போகல.

2024 ஆர்மி-நேவி அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். ஆர்மின்னா அமெரிக்க ராணுவ அதிகாரிகள உருவாக்குற காலேஜ் டீம், நேவின்னா கடற்படை காலேஜ் டீம். நேவி 31-13ல ஜெயிச்சது.

ஜெயிச்ச பசங்க நேரா தங்களோட ஆளுங்ககிட்ட ஓடல. ஹெல்மெட்ட கழட்டிட்டு, தோத்த ஆர்மி டீமோட போய் அவங்க கேடட்ஸ் முன்னாடி நிக்கிறாங்க, அவங்க காலேஜ் பாட்டு முடியிற வரைக்கும் சத்தமே இல்லாம. அப்புறம்தான் ரெண்டு டீமும் நேவி பக்கம் வந்து அவங்க பாட்டு.

அதனால அங்க 'ரெண்டாவதா பாடணும்'னா ஜெயிக்கணும்னு அர்த்தம். 2002லேர்ந்து 2015 வரைக்கும் ஆர்மி வரிசையா 14 தடவ மொதல்ல பாடியிருக்கு, பாவம்.

இத்தனைக்கும் முந்தின வாரம்தான் ஆர்மி தன்னோட கான்ஃபரன்ஸ் (சில காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடுற லீக்) கப்ப ஜெயிச்சிருந்துச்சு. கப்பு இருந்தென்ன, நேவிகிட்ட தோத்தாச்சே!

மத்த பெரிய காலேஜ்ல ஆடுற பசங்களுக்கு இப்ப விளம்பரக் காசு கொட்டுது, பிடிக்கலன்னா அடுத்த வருஷம் வேற டீம். இவங்களுக்குப் படிப்பு முடிஞ்சா பொதுவா அஞ்சு வருஷமாவது ராணுவ சேவை.

நேவில பாஸ்கெட்பால் ஆடுன டேவிட் ராபின்சன 1987ல என்பிஏ டிராஃப்ட்ல, அதாவது அமெரிக்க புரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக் டீம்கள் புதுப் பசங்கள வரிசையா எடுக்குறப்ப, சான் அன்டோனியோ டீம் மொத ஆளா எடுத்துச்சு. ஏழடி உயரம், கப்பல்ல ஒழுங்கா நிக்கவே முடியாதுன்னு சேவைய ரெண்டு வருஷமா குறைச்சாங்க. அந்த டீம் ரெண்டு வருஷமும் அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

நான் அந்தப் பாட்டு சீன மட்டும் மூணு வாட்டி பாத்துட்டேன், காபி ஆறிப்போச்சு.