மைலோ டின் வெச்ச இடம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இந்த வீட்டுக் கூரையப் பத்தி இனிமே தேதி போட்டு எழுதி வைக்கப் போறேன். ஏன்னா போன தடவ வந்த ஆளு எப்ப வந்தான், என்ன பூசுனான், எவ்ளோ வாங்குனான்னு கேட்டா வீட்டுல ஆளுக்கு ஒரு கதை சொல்றோம். அம்மா ரெண்டு வருஷம்ங்கறாங்க, எனக்கென்னமோ மூணுன்னு தோணுது, 1,200 மலேசிய வெள்ளி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, அது நான் குடுத்த காசு.

பினாங்கு குளுகோர்ல இருக்கிற தரை வீடு, அப்பா துறைமுகத்துல வேலை செஞ்சப்ப 1979ல வாங்குனது. தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி நல்ல மழை, அம்மா முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்காங்க, சட்டியில டொப்புன்னு ஒரு சொட்டு விழுந்து எண்ணெ வெடிச்சு அம்மா கை எல்லாம் கொப்புளம். அன்னிலருந்து அடுப்புக்கு மேல பலகை, பக்கத்துல பெரிய மைலோ டின். காலி டின்ல விழுந்தா டிங்குங்கும், பாதி ரொம்புனா ப்ளக்குங்கும், சத்தத்த வெச்சே எப்ப கொட்டணும்னு அம்மாவுக்குத் தெரியும், படுத்துக்கிட்டே சொல்லுவாங்க.

பினாங்குல செப்டம்பர் அக்டோபர்ல தான் வானம் கிழியும், ஜனவரி பிப்ரவரி மழையில்லாம காஞ்சு கெடக்கும். இப்ப செய்யலைன்னா இன்னொரு தீபாவளி டின்னோட தான். 2017 நவம்பர் 4 ராத்திரி அடிச்ச அந்தப் புயல் மழைக்கு அப்புறம் அம்மாவுக்கு மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் கிடையாது, அத வேற யோசிக்கணும்.

ஜனவரி 12, ஞாயிறு

மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க.

மொத ஆளு ஏணியே கொண்டு வரல, நீளக் குச்சியில ஃபோன கட்டி மேல தூக்கி போட்டோ எடுத்தான், "எல்லாம் பழசு, மொத்தமா மாத்தணும் கா, 18,000." பால் இல்லாத தே ஓ குடிச்சிட்டுப் போயிட்டான். ரெண்டாவது ஆளு சீனர், நல்ல வேலைக்காரர்னு பேரு, ஆனா சீனப் பெருநாள் முடிஞ்சு தான் வருவேன்னுட்டாரு, பெருநாள் 29ம் தேதி, அது முடிய பதினஞ்சு நாளு, அதுக்கப்புறம் அவரு லிஸ்ட்ல எத்தன வீடோ.

மூணாவது பட்டர்வொர்த் ஊர்க்கார அண்ணன், ஆபீஸ்ல கூட வேலை செய்றவங்க சொல்லி வந்தாரு. வந்ததும் மேல ஏறல. அம்மாகிட்ட உக்காந்து, "எல்லா மழைக்கும் ஒழுகுதா, இல்ல காத்தோட வர்ற மழைக்கு மட்டுமா? எந்தப் பக்கத்துல இருந்து சாரல் அடிக்கிறப்ப?"ன்னு கேட்டாரு. இத்தன வருஷத்துல இத யாரும் கேக்கல. அம்மா யோசிக்கவே இல்ல, "பக்கத்து அங்கிள் வீட்டுப் பக்கமிருந்து காத்து அடிச்சாத்தான் ஐயா, மத்தபடி நேரா கொட்டுனா ஒண்ணும் இல்ல." எனக்கே இது தெரியாது! நான் வேலைக்குப் போயிடுறேன், வீட்டுல மழையோட இருக்கிறது அவங்க தானே.

அப்புறம் தான் ஏறுனாரு. எறங்கி வந்து, சனிக்கிழமை 25ம் தேதி தண்ணி அடிச்சுப் பாத்துட்டு தான் விலை சொல்லுவேன்னாரு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ராத்திரி ஒம்போது மணிக்கு தம்பி கூப்புட்டான், அவனுக்குக் காலைல ஆறு, கனடா கால்கரில இன்னும் இருட்டு. அவனும் கூரை தான் பேசுறான், சிரிப்பா வந்துச்சு.

போன வருஷம் ஆகஸ்ட் 5ம் தேதி கால்கரி வடக்குப் பக்கம் ஆலங்கட்டி மழை. கட்டி ஒண்ணொண்ணும் கோல்ப் பந்து கணக்கா, வீட்டுச் சுவர்ல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தகடெல்லாம் சல்லடையா போச்சு, ஏர்போர்ட் கூரையவே விட்டு வைக்கல. இன்சூரன்ஸ் கம்பெனிங்க மொதல்ல போட்ட கணக்கே கிட்டத்தட்ட 280 கோடி கனடா டாலர். ஆயிரக்கணக்கான வீட்டுக்கு ஒரே நேரத்துல கூரை மாத்தணும்னா ஆளு எங்க கிடைக்கும், வரிசைல நின்னு நின்னு இவனுக்கு நடு குளிர்காலத்துல நம்பர் வந்திருக்கு. இந்த வாரம் ரெண்டு மூணு நாளு கொஞ்சம் சூடா இருக்கும்னு சொன்னாங்களாம், அதுக்குள்ள முடிக்கணும்.

ஜனவரி 19, ஞாயிறு

தம்பி கூரை முடிஞ்சது, வீடியோ அனுப்பியிருந்தான், அம்மா நாலு தடவ பாத்தாங்க.

அங்க ஓடு கிடையாது. ஷிங்கிள்னு ஒண்ணு, தார் ஊறுன அட்டை மேல கல்லுப்பொடி ஒட்டுன மாதிரி, மீன் செதிலாட்டம் அடுக்கி ஆணி அடிக்கிறாங்க. அடியில ஒரு பசைக் கோடு இருக்கும், வெயில் சூட்டுல அதுவே உருகி கீழ் வரிசையோட ஒட்டிக்கும். குளிர்ல அது ஒட்டாது. அதனால ஒவ்வொரு அட்டைக்கும் அடியில காசு அளவுக்கு தார்ப்பசை கையால வெச்சு அமுக்குறாங்க. கட்டுகள வெளிய போட்டா வெறச்சு, வளைச்சா பிஸ்கட் மாதிரி ஒடையும், அதனால சூடு போட்ட கராஜுக்குள்ள வெச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போறாங்க. மேல ஏறுனவன் இடுப்புல கயிறு, கால் வைக்கிற எடமெல்லாம் மொதல்ல பனிய வழிக்கணும். பெரிய வேலை தான்.

அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, கூரை ஓரத்துல மட்டும் ஏன் ஸ்டிக்கர் மாதிரி ஒரு ரப்பர் ஷீட்டு ஒட்டுறாங்கன்னு. தம்பி சொன்னது இதான். வீட்டுக்குள்ள ஹீட்டர் சூடு மேல ஏறி கூரைய சூடாக்கும், மேல கெடக்குற பனி அடியில உருகி வழியும், ஆனா ஓரம் வீட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதால அது ஜில்லுன்னு இருக்கும், வழிஞ்ச தண்ணி அங்க வந்து திரும்ப ஐஸா ஒறஞ்சு அணை கட்டிரும், பின்னால வர்ற தண்ணி போக வழியில்லாம மேல ஏறி அட்டைக்கு அடியில பூந்துரும். அப்படி பூந்தாலும் பலகை நனையாம இருக்கத்தான் அந்த ஷீட்டு.

அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அவன் கூரைய கெடுக்கிறது அவன் வீட்டுச் சூடு தான்"னாங்க. தம்பி போன்ல கை தட்டுனான்.

ஜனவரி 25, சனி

இன்னிக்கு நடந்தத எழுதாம தூங்கக் கூடாது.

பட்டர்வொர்த் அண்ணன் மேல, கையில ஹோஸ் பைப். நான் சீலிங் ஓட்டை வழியா உள்ள, கையில டார்ச். அம்பத்திரெண்டு வயசுல சீலிங்குக்குள்ள பூருவேன்னு நெனச்சேனா, உள்ள அடுப்பு மாதிரி சூடு, எலிப் புழுக்கை, ஒரு பழைய பட்டம், அதோட வாலு. கட்டை மேல மட்டும் கால் வைக்கணும், சீலிங்ல வெச்சா நேரா அடுப்படில எறங்கிருவீங்கன்னு அண்ணன் முன்னாடியே மெரட்டிட்டாரு.

கீழ் வரிசைல இருந்து ஆரம்பிச்சாரு. ஒரு எடத்துல பத்து நிமிஷம் தண்ணி விட்டு நிறுத்தி, "வருதா?" "வர்லண்ணே." அடுத்த வரிசை. எடுத்த உடனே உச்சியில ஊத்துனா எல்லா எடமும் நனைஞ்சிரும், எது ஓட்டைன்னு கண்டுபிடிக்க முடியாதாம். மைலோ டின்னுக்கு நேர் மேல இருக்கிற ஓட்டுல ஊத்துறாரு, ஒரு சொட்டு இல்ல. ஒரு மணி நேரம் இப்படியே போச்சு, எனக்கு இந்த ஆளும் அவ்ளோ தானா லான்னு ஒரு நெனப்பு வந்துருச்சு.

அப்புறம் ஓரமா போயி பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம்ம ஓட்டுக்கும் நடுவுல ஊத்துனாரு. ரெண்டு நிமிஷம் ஆகல. ஓட்டுக்கு அடியில விரிச்சிருக்கிற வெள்ளி நிற அலுமினிய ஃபாயில் மேல சரசரன்னு ஒரு சத்தம், டார்ச் அடிச்சா தண்ணி பாம்பு மாதிரி நெளிஞ்சு வருது, ஃபாயில் மடிப்புல குறுக்கால ஓடி, ஒரு கட்டையப் புடிச்சு எறங்கி, ஒரு ஆணி நுனியில வந்து நின்னு, உருண்டு, விழுந்துச்சு. கீழ அம்மா "டிங்!"னு கத்துறாங்க. நான் "வருது வருது"ன்னு கத்துறேன். ஓட்டை இருந்தது சுவர் ஓரம், சொட்டுனது பன்னெண்டு அடி தள்ளி.

அங்கிள் 2015ல மாடி கட்டுனப்ப நடுச்சுவர ஒசத்துனாரு. நம்ம ஓடும் அந்தச் சுவரும் சேர்ற எடத்துல சிமெண்ட் பூசி விட்டுட்டாங்க. ரெண்டு வீடும் தனித்தனியா அசையும், வெயில்ல விரியும், சிமெண்ட் வளையாது, வெடிச்சிருச்சு. இது ஒரு பக்கம். போன தடவ வந்தவன் ஓட்டுக்கு ஓடு சேர்ற வாயெல்லாம் சிலிக்கான் அடைச்சு மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிருக்கான். ஓட்டுக்கு அடியில கொஞ்சம் தண்ணி போனாலும் அந்த வாய் வழியா தான் வெளிய வழியணும், அத அடைச்சா எங்க போகும். 1,200 வெள்ளி குடுத்து கூரைக்கு மூக்கப் பொத்தி வெச்சிருக்கோம். அண்ணன் ஒரு துண்டு சிலிக்கான உரிச்சு என் கையில குடுத்தாரு, சுவிங்கம் மாதிரி இருக்கு, கோவத்துல எடுத்து வெச்சிருக்கேன்.

விலை 3,650. மொத்தக் கூரையும் மாத்த வேணாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு சங்கடம். பிளேஷிங், அதாவது சுவரும் ஓடும் சேர்ற எடத்த மூடுற தகடு, வைக்கணும்னா அங்கிள் சுவர்ல அரை இஞ்சு காடி வெட்டி தகட்ட உள்ள சொருகணும். அவரு சுவரு. கேக்கணும். சீனப் பெருநாள் நேரத்துல போயி உங்க சுவரால தான் எங்க வீடு ஒழுகுதுன்னு எப்படி ஆரம்பிக்கிறது?

அம்மா முறுக்கு டின்ன எடுத்துக்கிட்டு அவங்களே போயிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோட வந்தாங்க. வெட்டிக்கோங்கன்னுட்டாராம், தகட்டுக் காசுல 1,000 அவரு தர்றாராம், அப்பவே அந்த கொந்தரெக்தர் மேல எனக்கு சந்தேகம்னு வேற சொன்னாராம். ஒரே ஒரு கண்டிஷன், புதன் ராத்திரி பெருநாளோட ஒன்பதாம் நாள் சாமி கும்பிடு முடியற வரைக்கும் சுவர்ல கை வைக்கக் கூடாது. அது நியாயம் தானே.

இந்த நடுவுல ஓடு தேடுனது தனிக் கதை. 1979 அச்சு இப்ப எவனும் செய்றதில்ல, புது ஓடு பழசு மேல உக்காராது. ஜெலுத்தோங்ல ஒரு பழைய வீட்ட இடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு அண்ணன் லோரியோட போயி அதே அச்சுல 40 ஓடு அள்ளிட்டு வந்தாரு, ஒண்ணு 2 வெள்ளி.

பிப்ரவரி 8, சனி

வேலை. ரெண்டு பையன்களோட காலைல எட்டு மணிக்கே வந்துட்டாரு. ஓரத்து ஓட்டப் பிரிச்சா ஓடு உக்கார்ற சட்டம் நாலு கறுத்துப் போயி, விரல வெச்சு அழுத்துனா உள்ள போகுது, ரெண்டுல கரையான். பெரிய கட்டைக்கு ஒண்ணும் இல்ல, அது செங்கால்ங்கற கெட்டி மரம், அப்பா அந்தக் காலத்துலயே அதுக்குன்னு தனியா காசு கட்டி போடச் சொன்னாராம். சட்டத்த மாத்தி, ஃபாயில் புதுசா விரிச்சு, காடி வெட்டி தகட்ட சொருகி, வாயில பியூ சீலன்ட்னு ஒரு பசை. சிமெண்ட் ஏன் வேணாம்னா சீலன்ட் ரப்பர் மாதிரி, சுவர் அசைஞ்சா கூடவே அசையும்.

மத்தியானம் ஒரு பையன், "கா, கட்டைல எழுத்து இருக்கு"ன்னான். ஏறிப் பாத்தேன். தச்சன் பென்சில், அப்பா கையெழுத்து, "1988 தீபாவளி. 6 ஓடு மாத்துனது. கூலி 25 வெள்ளி. சிகரெட் தனி."

அம்மாகிட்ட சொன்னேன். "88லயா? 85லயே விட்டுட்டேன்னு தண்ணிமலை முருகன் மேல சத்தியம் பண்ணாரே"ன்னாங்க. அடுப்படில ஒரு மணி நேரம் பாத்திரம் உருண்டுச்சு. செத்து ஒன்பது வருஷம் ஆகுது மனுஷன்.

ஓடு மூடுறதுக்குள்ள நானும் அதுக்குக் கீழ எழுதிட்டேன், தேதி, 40 ஓடு, 3,650, பிளேஷிங், அங்கிள் 1,000. சிகரெட் பத்தி ஒண்ணும் எழுதல.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நேத்து ராத்திரி ரதம் பாத்துட்டு வந்து படுக்க மூணு மணி. மழை இல்ல. கூரை எப்படின்னு இன்னும் தெரியாது. அண்ணனுக்கு 500 பாக்கி வெச்சிருக்கேன், மொத மழை பாத்துட்டு தான்னு அவரே சொல்லிட்டாரு.

பிப்ரவரி 23, ஞாயிறு

தம்பி வீட்டுல ஒழுகுது! புதுக் கூரை, ஒரு மாசம் ஆகல.

இந்த மாசம் அங்க ரெண்டு வாரம் கடுங்குளிர், மைனஸ் 25, 30ன்னு. அப்புறம் சினூக், ராக்கி மலைல இருந்து எறங்குற சூட்டுக் காத்து, ஒரே நாள்ல பூஜ்யத்துக்கு மேல ஏறிருச்சாம். அன்னிக்கு மேல் பாத்ரூம் சீலிங்ல மூணு எடத்துல சொட்டு. இவன் கூரை போட்டவங்களுக்கு ஃபோன் போட்டு கத்து கத்துன்னு கத்தியிருக்கான், அவங்களும் வந்து மேல பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குங்கறாங்க, இவன் நம்பல.

நான் கேட்டேன், டேய், ஒழுகுறப்ப வெளிய மழையோ பனியோ பெஞ்சுச்சா? இல்லக்கா, நல்ல வெயில். அப்ப மேல இருந்து தண்ணியே வரலையேடா!

பட்டர்வொர்த் அண்ணன் பாணில கேட்டேன், அவ்ளோ தான், எனக்கு கனடா கூரையப் பத்தி என்ன தெரியும். ஆனா வேற ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து கூரைக்கு அடில பாத்தா, பாத்ரூம் ஃபேன் காத்த வெளிய தள்ளுற குழாய் கழண்டு கெடக்கு. குளிக்கிற ஆவி மொத்தமும் கூரைக்கு அடில போயி, அந்தக் குளிர்ல பலகைலயும் ஆணி நுனிலயும் உறைபனியா ஒட்டியிருக்கு, ரெண்டு வாரமா சேந்தது, சூட்டுக் காத்து வந்ததும் எல்லாம் ஒண்ணா உருகி கொட்டுது. அந்த ஊர்ல இதுக்குப் பேரே அட்டிக் மழையாம். போட்டோ அனுப்புனான், ஆணி ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா பஞ்சு வெச்ச மாதிரி.

குழாய மாட்டி கிளாம்ப் போட்டு, மேல ஏறுற மூடிய சுத்தி காத்து போகாம ரப்பர் வெச்சு அடைச்சாச்சு. கூரை மாத்துனவங்க தட்டி விட்டதா, முன்னாடியே கழண்டதான்னு சண்டை நடக்குது. தட்டி விட்டிருப்பாங்கன்னு தான் எனக்குத் தோணுது, ஆனா அவன்கிட்ட சொல்லல, ஏற்கனவே கத்துனதுக்கு மன்னிப்பு வேற கேட்டுட்டான்.

மார்ச் 2, ஞாயிறு

சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துச்சு. நோன்பு மொத நாள், இந்தப் பக்கத்து மலாய்க்கார மக்சிக் குடுத்தனுப்புன நோன்புக் கஞ்சிய வாங்க வாசல்ல நிக்கிறேன், அங்கிள் வீட்டுப் பக்கத்துல இருந்து காத்து, பின்னாலயே சாரல், வாழை மரம் ரெண்டா மடங்குது. சரியான பக்கம்.

அம்மா டார்ச்ச எடுத்துக்கிட்டு அடுப்பு முன்னால நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. மைலோ டின்னும் அதே எடத்துல. எடுங்கம்மான்னா கேக்கல. முக்கா மணி நேரம் அடிச்சுது. டின்னு சத்தமே போடல. மஞ்சக் கறை மட்டும் சீலிங்ல அப்படியே இருக்கு, பெயிண்ட் அடிக்கணும், அது வேற செலவு.

அண்ணனுக்கு 500 அனுப்பிட்டேன். "மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவ கூரை ஓரத் தண்ணிக் கட்டர்ல எலை அள்ளிருங்க கா"ன்னு பதில் வந்துச்சு.

ராத்திரி டின்ன எடுத்துக் கழுவப் போனா உள்ள ஒரு பல்லி. அம்மா, "இருக்கட்டும் விடு, காலைல பாத்துக்கலாம்"னாங்க.