என் கார் ஒல்லியாம்

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சிக்னலில் வண்டி உறுமுவதும் அடங்குவதுமாக ஆட ஆரம்பித்தது. அணைந்துவிடும்போல இறங்கும், நான் பதறுவதற்குள் தானே ஏறும். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0171, சிஸ்டம் டூ லீன் என்று ஒரு கோளாறு கோட் வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

வீட்டில் அம்மா கேட்டார்: "இன்னாடா சொன்னான்?"

"கார் லீனா ஓடுதாம்மா."

"அப்டின்னா?"

"ஒல்லி."

"ஏன், நல்லாதானே பெட்ரோல் ஊத்துற?"

செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக்கிடம் போனேன். எஸ்டிமேட்டைப் பார்த்துச் சிரித்தார். "திருடன் வந்துட்டான்னு கத்துனவனையே புடிச்சு உள்ள போட்ட கதையாகீது. சென்சார் காத்து ஜாஸ்தின்னு சொல்லுது. சொன்னது குத்தமா நைனா?"

ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். முனை சுண்ணாம்பு பூசினாற்போல வெளுப்பு. ரிச்சாக ஓடினால் அடுப்புக்கரியாய்க் கறுத்திருக்குமாம். 1 கிலோ பெட்ரோல் சரியாய் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதற்கு மேல் போனால் லீன், குறைந்தால் ரிச். காற்றைக் கிலோவில் நிறுப்பார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பிறகு தன் சின்ன ஸ்கேனரைச் செருகி, ஃப்யூவல் டிரிம் என்ற வரியைக் காட்டினார். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது பிளஸ் 24. அதாவது, பற்றாக்குறையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 24 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனதும் அது 5க்கு இறங்கியது.

"பம்போ ஃபில்டரோ வீக்குன்னா மிதிக்க மிதிக்க இது ஏறணும். இது இறங்குது. எங்கியோ ஓட்டை வழியா திருட்டுக்காத்து பூருது" என்றவர் திடீரென்று, "பிரேக் கல்லு மாரி கீதா?" என்றார்.

இருந்தது. ஒரு வாரமாக. முழங்கால் தேய்மானம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பானெட்டுக்குள் தலையை விட்டு, எஞ்சினின் உறிஞ்சலை வைத்து பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை பிளையரால் நசுக்கிப் பிடித்தார். தையல் மிஷின் மாதிரி எஞ்சின் சீரானது. விட்டார், மறுபடி ஆட்டம். ஹோஸைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாய் ஜோடி ஜோடிப் பல்தடம், நடுவே மிளகு சைஸில் ஒரு ஓட்டை.

"மீன் கீன் ஏத்துவியா இதுல?"

நான் பதில் சொல்லவில்லை. டிக்கி சொல்லியிருக்கும்.

புது ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். டிரிம் பிளஸ் 2க்கு வந்தது. என் முழங்காலும் அன்றே குணமானது.

வீட்டுக்கு வந்து எலி கடித்த கதையைச் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, கேட்டியா?" என்றார் அம்மா. அன்றைக்கு அவர் சொன்னது, வஞ்சிரம் விலை ஜாஸ்தி, சங்கரா வாங்கு என்பதுதான்.