வெள்ளைத் துணி சாம்பலாக வந்த தேர்வு

வெள்ளைத் துணிமேல் ஒரு வெள்ளைக் கோப்பை, பக்கத்தில் சிவப்பு ரோஜா. புகைப்படப் படிப்பில் நான் கோட்டைவிட்ட செய்முறைத் தேர்வின் கேள்வி இவ்வளவுதான். கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்தேன், துணி அழுக்குச் சாம்பலாக வந்தது. பதறிப்போய் இரண்டு ஸ்டாப் ஏற்றினேன் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் படத்தில் பதியும் வெளிச்சம் இரட்டிப்பாகும்). துணி வெளுத்தது, ஆனால் ரோஜா இதழ்களின் மடிப்பெல்லாம் மறைந்து, சிவப்பு சாயத்தைக் கொட்டியது போல ஆகிவிட்டது.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளைக்கு ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்ற வேண்டும், கறுப்புக்கு இறக்க வேண்டும். இது பாடத்திலேயே இருந்ததுதான். ரோஜா விஷயம்தான் எனக்குப் புதிது. நான் பார்த்தது ஒற்றை ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம். அதில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பார்த்திருந்தால், சிவப்பு மட்டும் அளவு மீறி வலது ஓரத்தில் முட்டி நின்றது தெரிந்திருக்கும். சிவப்பு தூக்கலாக இருக்கும் குண்டு பல்பு வெளிச்சத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மறுதேர்வுக்கு முன் தினமும் ஒரே பொருளை வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்துப் பழகினேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும்: குண்டு பல்பு 2800 கெல்வின் பக்கம், நடுப்பகல் வெயில் 5500 பக்கம், நிழல் 7000க்கு மேல். எண்களை மனப்பாடம் செய்வதைவிட, 18% கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) பொருளுக்குப் பக்கத்தில் வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுப்பது, அதாவது அந்த வெளிச்சத்தில் எது நிறச்சாயல் இல்லாதது என்று கேமராவுக்குக் காட்டுவது மேல். வெள்ளைத் தாளே போதும் என்பார்கள், நம்பாதீர்கள். பல தாள்களில் பளிச்சென்று தெரிவதற்காக நீலச்சாயல் தரும் பொருள் சேர்க்கிறார்கள், படம் மஞ்சளடிக்கும். டியூப் லைட்டில் ஷட்டரை 1/50 நொடிக்கு மேல் வேகமாக வைக்காமல் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்திலும் நிறம் மாறும். அப்புறம், ரா கோப்பில் எடுங்கள், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பில். ஒயிட் பேலன்ஸைப் பின்னால் திருத்தலாம். ஆனால் அடியோடு வெளுத்துப்போன இதழை ராவும் மீட்டுத் தராது.

மறுதேர்வில் ஒரு பக்கம் பல்பு, இன்னொரு பக்கம் ஜன்னல். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஒயிட் பேலன்ஸ் கிடையாது. “திரையை இழுத்துவிடலாமா?” என்று கேட்டேன். “அது உங்கள் விருப்பம்” என்றார் தேர்வாளர். இழுத்துவிட்டுத்தான் கிரே கார்டை வெளியே எடுத்தேன்.