இருகூர் வளையம்: தானியங்கி சிக்னல் நாட்குறிப்பு

2025 ஜூன் 1, ஞாயிறு

இது நம் மாதிரி ரயில். பாதை வளையம் 9.6 மீட்டர். எச்ஓ அளவு, 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. மாதிரிக்கு எடுத்தது கோவை இருகூர்ப் பக்கத்துப் பாதை. சிக்னல் மட்டும் சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் இருப்பது போன்ற தானியங்கி வகை: சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை.

நான்கு நிலை என்பதால் நான்கு ப்ளாக் (ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரையுள்ள பாதைத் துண்டு) போதும் என்று தோன்றும். போதாது. வண்டி ஒரு ப்ளாக்கிலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போது இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டுதான் காலி; பச்சைக்கு முன்னால் மூன்று காலி வேண்டும். வளையத்தில் வேறு வண்டியே இல்லாதபோதும் எஞ்சினுக்கு எதிரே இரட்டை மஞ்சள் விழும், தன் வாலைத் தானே பார்ப்பதால். ஒரு வண்டிக்கு ஐந்தாவது வேண்டும். இரண்டு வண்டி சம இடைவெளியில் ஓடி, சிக்னலை எட்டும் நேரத்திலாவது பச்சை பார்க்கக் குறைந்தது எட்டு வேண்டும்.

எட்டாகப் பிரித்தால் ஒன்று 1.2 மீட்டர். டபிள்யூஏபி-4 எஞ்சினும் நான்கு ஐசிஎஃப் பெட்டியும் சேர்ந்து 1.24 மீட்டர். ப்ளாக்கை விட வண்டி நீளமாக இருக்கக்கூடாது. ஒரு பெட்டியைக் கழற்றினால் எட்டு கிடைக்கும், ஆனால் மூன்று பெட்டி வண்டியில் எக்ஸ்பிரஸ் களை இல்லை. ஆகவே ஆறு ப்ளாக், ஒவ்வொன்றும் 1.6 மீட்டர். இரண்டு வண்டி விடும் நாளில் இரட்டை மஞ்சளோடு ஓடட்டும்.

ரயில்வே விதிப்படி தானியங்கி சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் ஓவர்லேப் (வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டாலும் மோதாமல் இருக்க விடும் இடம்) காலியாக இருக்க வேண்டும். 1:87-இல் அது 1.38 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு ப்ளாக். விட்டுவிட்டோம்.

ஜூன் 7, சனி

இன்று தண்டவாள வெட்டு. ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் ஆறு இடத்தில் வெட்டினால் போதும், மற்றது பொது. வெட்டு சிக்னல் கம்பத்துக்கு நேராக வேண்டாம், 3 செ.மீ. தாண்டி இருக்கட்டும். இல்லையென்றால் எஞ்சின் மூக்கு கம்பத்தைத் தாண்டியதுமே சிவப்பு விழுந்துவிடும்.

வட்டத் தகடு வெட்டும் இடைவெளி 0.5 மி.மீ. அதை அப்படியே விடக்கூடாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் 1.6 மீட்டர் நீளத்துக்கு 15 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. நீளும். தகரக் கூரை போட்ட மாடி அறையில், நம் ஊர் சித்திரை வெயிலில் 15 டிகிரி ஏறுவது பெரிய காரியமே இல்லை. இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் இரண்டு ப்ளாக் ஒன்றாகிவிடும். 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைச் செருகி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் தண்டவாள வடிவத்துக்கு அரம் போட்டாயிற்று. வளைவில் விழுந்த இரண்டு வெட்டுக்கும் முன்கூட்டியே இருபுறமும் கட்டையில் ஆணி அடித்துப் பிடித்துக்கொண்டோம்; வெட்டியபின் முனை வெளியே துள்ளினால் திரும்ப நேராக்குவது கஷ்டம்.

ஜூன் 8, ஞாயிறு

ப்ளாக்கில் வண்டி இருக்கிறதா என்று காட்டும் டிடெக்டர். ப்ளாக்குக்குப் போகும் மின்கம்பியின் வழியில் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (நான்கு டையோட் கொண்ட துண்டு). அதன் பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, ஏசி முனைகள் இரண்டையும் வழியில் கோர்க்க வேண்டும். மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் இரண்டு டையோட்டைத் தாண்டும், 1.4 வோல்ட் அதன்மேல் விழும். அந்த வோல்ட்டில் பிசி 814 ஆப்டோகப்ளரின் (ஒளி வழியே செய்தி கடத்தும் சில்லு) எல்இடி எரியும். உள்ளே எதிரெதிராக இரண்டு எல்இடி இருப்பதால் டிசிசி-க்கு (தண்டவாளத்தில் திசை மாறி மாறி ஓடும் டிஜிட்டல் மின்சாரம்) பொருத்தம்.

எஞ்சினை உடனே கண்டுபிடித்தது. தனிப் பெட்டியை (அச்சில் ரெசிஸ்டர் ஒட்டியது, மெல்லிய மின்சாரமே இழுக்கும்) கண்டுகொள்ளவில்லை. காரணம்: ஒரு மில்லி ஆம்பியர் அளவில் இரண்டு டையோட்டின் வீழ்ச்சி 1.1 வோல்ட் அருகில்தான், ஆப்டோவின் எல்இடிக்கும் அதே அளவு வேண்டும். மின்சாரம் டையோட் வழியே நழுவிவிடுகிறது. இரண்டு பிரிட்ஜைத் தொடராக இணைத்து, இரண்டுக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரோடு பிசி 814 போட்டபின் சிறு மின்சாரம் முழுதும் ஆப்டோவுக்கே வந்தது. வெளிப்பக்கம் 100 கிலோ ஓம் புல்-அப் (வண்டி இல்லாதபோது வெளியீட்டை மேல் வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்). சிக்னலை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம்; இந்த மெல்லிய மின்சாரத்துக்கு அது பாரம்.

விலை: எஞ்சினுக்குப் போகும் 15 வோல்ட்டில் 2.8 குறையும். ஆறு ப்ளாக்கிலும் ஒரே அளவு குறைவதால் ஓட்டத்தில் குலுக்கல் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டிச் சக்கரங்கள். உலோகச் சக்கரம் கட்டாயம். அச்சில் ஒரு சக்கரம் காப்பிட்டது. அந்தப் பக்கம் 0805 அளவு (2 மி.மீ. நீளப் பொடி) 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒட்டி, ஒரு முனையிலிருந்து அச்சுக்கும் மறுமுனையிலிருந்து சக்கரத்துக்கும் வெள்ளிப் பெயின்ட் ஒரு கோடு. 15 வோல்ட்டில் சுமார் 1.4 மில்லி ஆம்பியர். பசை ரெசிஸ்டரின் முனைமேல் ஏறினால் பெயின்ட் பிடிக்காது. காய்ந்தபின் மல்டிமீட்டரில் எண்ணைப் பார்க்காமல் பெட்டியில் மாட்டவே கூடாது. எட்டில் ஒன்று 34 கிலோ ஓம் காட்டியது, திரும்பப் பூசி 10.4-க்கு வந்தது. எல்லாப் பெட்டிக்கும் போட முடியாவிட்டாலும் கடைசிப் பெட்டிக்கு இரண்டு அச்சிலாவது போட வேண்டும். வால் தெரியாத வண்டிக்குப் பின்னால் பச்சை விழும்.

ஜூன் 22, ஞாயிறு

கம்பம்: 2 மி.மீ. பித்தளைக் குழாய், தடத்துக்கு இடப்பக்கம். விளக்கு வரிசை மேலிருந்து கீழே மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. வெளிநாட்டு கிட்டை அப்படியே நட்டால் வரிசை மாறிவிடும்.

குழாய்க்குள் ஐந்து கம்பி போக வேண்டும். கோவையில் இதற்குக் கவலையே இல்லை; மோட்டார் ரீவைண்டிங் கடையில் 38 கேஜ் எனாமல் கம்பி எடைபோட்டுத் தருவார்கள். எல்லாம் ஒரே செம்பு நிறம் என்பதால் குழாயில் நுழைத்தபின் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தோம்: சிவப்புக்கு ஒரு முடிச்சு, கீழ் மஞ்சளுக்கு இரண்டு. குழாய் வாயில் பிசிறு இருந்தால் எனாமல் சுரண்டப்பட்டுக் கம்பத்தோடு ஷார்ட் ஆகும். முதல் கம்பம் அப்படித்தான் போயிற்று. சிவப்பு, மஞ்சளுக்கு 1 கிலோ ஓம், பச்சைக்கு 4.7. ஒரே ரெசிஸ்டர் போட்டால் பச்சை கண்ணைக் குத்தும்.

ஜூன் 28, சனி

ஆர்டுயினோ மெகா: 24 விளக்கு, 6 ப்ளாக். ‘அடுத்த சிக்னல் மஞ்சளாக இருந்தால் இங்கே இரட்டை மஞ்சள்’ என்று எழுதினால் வளையத்தில் ஒன்றை ஒன்று சார்ந்து சுற்றும். சிக்னலுக்கு முன்னால் தொடர்ந்து எத்தனை ப்ளாக் காலி என்று எண்ணுவதே சரி: பூஜ்யம் சிவப்பு, ஒன்று மஞ்சள், இரண்டு இரட்டை மஞ்சள், மூன்றும் மேலும் பச்சை. சக்கர அழுக்கால் விளக்கு மினுக்காமல் இருக்க, பிடிப்பது உடனே, விடுவது 1.5 விநாடி தொடர்ந்து காலியாக இருந்தபின்.

பிறகுதான் பெரிய குறை தெரிந்தது. ஒரு ஸ்பேனர் தண்டவாளத்தில் விழுந்து, பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டது. ஒன்றரை விநாடியில் ஆறு சிக்னலும் பச்சை. மின்சாரம் இல்லை என்றால் வண்டியே இல்லை என்று டிடெக்டர் எடுத்துக்கொள்கிறது. வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தால் வண்டியைக் கண்டறியும் ஏற்பாடு) இதற்கு நேர் எதிர்: காலிப் பாதையில் ரிலே பிடித்திருக்கும், கம்பி அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் விழுந்து சிவப்புக் காட்டும். நம் ஏற்பாட்டில் அந்தக் குணம் இயல்பாக இல்லை, சேர்த்தே ஆக வேண்டும். பூஸ்டர் வெளியீட்டின் குறுக்கே இன்னொரு பிசி 814, 2.2 கிலோ ஓமோடு, ஏழாவது உள்ளீடாக. அது அணைந்தால் எண்ணிக்கை எதையும் பார்க்காமல் எல்லாம் சிவப்பு. மின்சாரம் திரும்பி 3 விநாடி கழித்தே எண்ணத் தொடங்கும். தனி ப்ளாக்கின் டிடெக்டர் கம்பி அறுந்தால் இன்னும் பொய்ப் பச்சைதான். அதனால் ஓட்டத்துக்கு முன் ஒரு பெட்டியைக் கையால் ஆறு ப்ளாக்கிலும் தள்ளிப் பார்ப்பது கட்டாயம்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று மூன்றாம் ப்ளாக்கில் ஜல்லி பரப்பி, நீர் கலந்த வெள்ளைப் பசை ஊற்றினோம். இன்று காலை வண்டியே இல்லாமல் சிவப்பு. கம்பியைக் கழற்றித் தண்டவாளங்களுக்கு இடையே அளந்தால் 18 கிலோ ஓம். மற்ற ப்ளாக்குகளில் மெகா ஓமுக்கு மேல். ஈர ஜல்லி வழியே கசிவு. நிஜப் பாதையிலும் மழையில் ஜல்லி ஊறினால் டிராக் சர்க்யூட் இதே தொல்லை கொடுக்கும். புல்-அப்பைக் குறைத்து டிடெக்டரை மந்தமாக்கினால் சிவப்பு மறையும், ஆனால் கடைசிப் பெட்டியும் சேர்ந்து மறையும். தொடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் மாதம், காய்வது மெதுவாகத்தான் நடக்கும். மேசை விசிறி வைத்தாயிற்று. மாலை 6 மணிக்கு 41 கிலோ ஓம், இன்னும் சிவப்பு. அது காயும்வரை கம்பங்களுக்கு வெள்ளை வட்டத்தில் கறுப்பு ‘ஏ’ எழுத்துப் பலகை வெட்டுகிறோம். ஆறில் நான்கு முடிந்தது.