இடைநிற்றல் தொடங்கும் இடம்: வழிகாட்டும் மேசையிலிருந்து

அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின ஆண் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் காக்கும் திட்டங்களுக்கு வழிகாட்டியாக வருகிறவர்கள் ஊக்கப் பேச்சோடு வருகிறார்கள். பேச்சு வேண்டாம் என்றில்லை; ஆனால் பாதி வேலை கணக்குதான்.

ஒரு பருவத்தில் 15 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) எடுத்த மாணவர் இரண்டு 3 கிரெடிட் பாடங்களை நடுவில் கைவிடுகிறார் என்று வையுங்கள். சராசரி மதிப்பெண் கெடாது, நிம்மதி. ஆனால் உதவித்தொகைக் கணக்கில் கைவிட்ட பாடமும் எடுத்த பாடம்தான். 15-க்கு 9 முடித்தால் 60 சதவீதம். கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது 67. பருவந்தோறும் சரிபார்க்கும் கல்லூரியில் முதலில் எச்சரிக்கை, அடுத்த பருவமும் தேறாவிட்டால் பெல் கிராண்ட், அதாவது வருமானம் குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை, நிற்கும். அதைத் திரும்பப் பெற மேல்முறையீடு செய்யலாம்; அதில் என்ன நேர்ந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும். பலர் முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதி இரண்டாவதை விட்டுவிடுவார்கள். நிராகரிப்பு அங்கேதான் விழும்.

பருவத்தின் 60 சதவீதம் கழியுமுன் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகுவது அதைவிட மோசம். பெற்ற உதவியில் ஒரு பங்கு அரசுக்குத் திரும்பும். அந்தத் தொகை மாணவர் பெயரில் பாக்கியாக ஏறும். பல கல்லூரிகளில் பாக்கி தீராமல் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது. சில நூறு டாலருக்காகப் படிப்பு நின்றுபோவதும் உண்டு. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல் இப்படிப்பட்ட பாக்கிக்குச் சிறு மானியம் தருகிறது. விண்ணப்பம் கிடையாது, கணக்கைப் பார்த்துப் பல்கலைக்கழகமே தேடிக் கொடுக்கிறது. அதுதான் சரி. கேட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வரவேண்டியவர் வரமாட்டார்.

மதிப்பெண்ணை நான்காம் வாரத்திலேயே ஆசிரியர்களிடம் வாங்கிவிடுங்கள். இடைத்தேர்வு முடிவு வரும்போது பாடத்தை விடும் கெடு நெருங்கியிருக்கும், சில கல்லூரிகளில் தாண்டியும் இருக்கும்.

கணிதத்துக்கு ஒரு குறிப்பு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மன் கவனித்தது, கால்குலஸில் தடுக்கிய கறுப்பின மாணவர்கள் பலரும் உழைப்பாளிகள், ஆனால் தனியாகப் படிப்பவர்கள் என்பது. அவர் வைத்தது துணை வகுப்பல்ல, கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பட்டறை. 1988-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் தொடங்கிய, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டத்திலும் குழுப்படிப்பை வலியுறுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு சேர்ந்த முதல் அணியில் 19 கறுப்பின ஆண்கள். நீங்கள் வைக்கும் படிப்புக் குழுவை ‘பின்தங்கியவர்களுக்கு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் அறை காலியாகத்தான் இருக்கும். நான்கைந்து பேர், விரிவுரை முடிந்த கையோடு, அதே கட்டடத்தில் என்று வைத்தால் வருவார்கள். மாலைக்குத் தள்ளினால் பகுதிநேர வேலை அவர்களை இழுத்துக்கொண்டுபோகும்.