பாட்டியின் யாத்திரை ஆல்பம்: கன்னியாகுமரிப் படம் கழன்று வந்தது

கன்னியாகுமரிப் படம் முழுசாக வந்துவிட்டது. மூலை கிழியவில்லை, பின்பக்கம் பாட்டி எழுதியிருந்ததும் உரிந்து போகவில்லை. இந்த ஆல்பத்திலேயே எனக்கு அதிகம் பயம் காட்டிய படம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில், மீதி பக்கங்கள் முடிவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, கோடு கோடாகப் பசை தடவிய அட்டையில் படத்தை வைத்து மூடும் ஆல்பம். அதன் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: நாளாக நாளாகப் படம் அட்டையோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்த பிறகுதான் கை வைத்தேன். "அதுதான் படம் கிடைச்சுடுச்சே, போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. போய் வந்த ஊரைப் பற்றி, படத்தின் முதுகில்தான் பாட்டி எழுதிவைப்பாள்.

கருவி, மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ். மெழுகு பூசியது படத்தின் பின்னால் பிசுக்கை விட்டுவிடும். நூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, மெதுவாக முன்னும் பின்னும் அறுத்துக்கொண்டே போக வேண்டும். நூல் அட்டையோடு படிந்தே நகர வேண்டும், மேலே எழும்பக் கூடாது. படம் வளைந்தால் மேலே இருக்கும் ஜெலட்டின் படலத்தில் விரிசல் விழும், அதற்கு வைத்தியம் இல்லை. பசைக் கோடு வந்ததும் நூல் கனப்பது விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, அட்டையின் பின்பக்கம் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில நொடி காட்டி, மறுபடி அறுப்பேன். படத்தின் முகத்தில் சூடு படவே விடமாட்டேன். பசை நூலில் உருண்டு திரளும்போதே புது நூலுக்கு மாறிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்பக்கம் பசைக் கறை மஞ்சளாகப் பரவி, பென்சில் எழுத்தை அமுக்கியிருந்தது. வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சிவப்புச் சேனலை, அதாவது ஸ்கேனில் பதிந்த சிவப்பு ஒளியின் பங்கை, மட்டும் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் கறை சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை, அதனால் தாள் வெளுத்துவிடுகிறது, பென்சில் கருப்பாகவே நிற்கிறது. நீல பால்பாயின்ட் எழுத்துக்கும் இதே சேனல்தான், இன்னும் நன்றாகவே வரும். தெரிந்த எழுத்து இது: "கன்னியாகுமரி. மேகம். சூரியோதயம் பார்க்கவில்லை. அம்மன் மூக்குத்தி பார்த்தேன், போதும்."

வருஷம் இல்லை. பாட்டி ஊர் எழுதுவாள், சேவித்த தெய்வத்தை எழுதுவாள், வருஷத்தை விட்டுவிடுவாள். படத்தில் கடலுக்குள் விவேகானந்தர் மண்டபம் இருக்கிறது, எனவே 1970க்குப் பிறகு. வள்ளுவர் சிலை இல்லை, எனவே 2000க்கு முன்பு. வண்ணப் படத்தின் சியான் (நீலப்பச்சை) சாயம் வெளிறி முகமெல்லாம் சிவந்து கிடக்கிறது. பக்கத்தில் அம்மா பாவாடை தாவணியில். எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்திருக்கிறேன்.

திரிவேணி சங்கமத்தில் படகில் எடுத்த படத்தின் பின்னால் "கும்பமேளா" என்று மட்டும். பிரயாகையில் கும்பமேளா என்றால் 1977 அல்லது 1989. இரண்டு கும்பமேளாக்களுக்கு நடுவில் வரும் அர்த்த கும்பத்தையும் பாட்டி கும்பமேளா என்றே எழுதியிருந்தால் கணக்கு குழம்பும். அப்புறம் பார்க்கலாம்.

அடுத்து அவளுடைய திவ்யதேச நோட்டு, ஆழ்வார்கள் பாடிய 108 பெருமாள் தலங்களின் பட்டியல். 108ல் திருப்பாற்கடலும் பரமபதமும் பூலோகத்தில் இல்லை, மீதி 106. போய் வந்ததற்கெல்லாம் டிக் அடித்திருக்கிறாள். சாளக்கிராமத்துக்கு, அதாவது நேபாளத்து முக்திநாத்துக்கு, இரண்டு டிக். கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேல், அந்த வயதில், அந்த முழங்காலோடு! இரண்டு தடவை போனாளா, ஒரு தடவை போன பூரிப்பில் இரண்டு அடித்தாளா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. முக்திநாத் படங்கள் ஆல்பத்தின் கடைசியில் இருக்கின்றன, அவற்றின் முதுகைப் பார்க்காமல் எனக்கு ஆறாது. நோட்டின் தையல் விட்டுப்போயிருக்கிறது. பிரித்து, பழைய ஓட்டைகளிலேயே லினன் நூல் கோத்துத் தைக்கப் போகிறேன்.

கழற்றிய படங்களைப் போட்டுவைக்கும் உறைகள் விஷயத்தில் எரிச்சல். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்கினேன், வந்தது படத்தைக் கெடுக்கும் பிவிசி பிளாஸ்டிக். பிரித்ததுமே அந்த நெடி. "ஆசிட் ஃப்ரீ" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், என்ன பிளாஸ்டிக் என்று எழுத்தில் கேளுங்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். கழற்றிய படங்கள் இப்போதைக்குப் பசையில்லாத பருத்தித் தாளுக்கு நடுவில் இருக்கின்றன.

பத்ரிநாத் கருப்பு வெள்ளைப் படம் மட்டும் மசியவில்லை. ஆல்பத்தின் பசை போதாதென்று யாரோ கோந்தும் தடவி ஒட்டியிருக்கிறார்கள், நூல் நுழையவே இடமில்லை. பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் வைத்தால் ஆல்பத்தின் பசை மொறுமொறுப்பாகி விடும் என்கிறார்கள். கோந்துக்கு அது பலிக்குமா, வெளியே எடுக்கும்போது படத்தில் ஈரம் கோக்காமல் எப்படிக் காப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தைத் தொடப்போவதில்லை.