நான் தலையசைத்தது யாருக்கு

"நடுவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் தலையை அசைத்துவிட்டீர்கள்." 2018ஆம் ஆண்டு போர்த்துக்கலின் நசரேயில், ஐரோப்பியக் கடற்கரை உதைபந்தாட்டக் கழகங்கள் மோதும் யூரோ வின்னர்ஸ் கிண்ணப் போட்டியின்போது, குளிர்நீர் வாளிக்குள் வலது காலை வைத்தபடி எங்கள் அணியின் இளைய வீரன் என்னிடம் சொன்ன வாக்கியம் இது. அவன் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னான். அதனால்தானோ என்னவோ அன்று மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மனத்துக்குள் மட்டும் இன்றுவரை மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடற்கரை உதைபந்தாட்டத்தோடு பழகியவர்களுக்கு அந்த ஆண்டுகளில் இருந்த விதியை நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் நடந்தது அனைத்தும் அதைச் சுற்றியே நடந்தது என்பதால் சொல்லிவிடுகிறேன். யார்மீது தவறு இழைக்கப்பட்டதோ அவரேதான் ஃப்ரீ கிக்கை அடிக்க வேண்டும். தடுப்புச் சுவர் கிடையாது. எதிரணியின் பாதியில் கிடைத்த உதை என்றால், பந்துக்கும் கோலுக்கும் நடுவே கோல் காப்பாளர் ஒருவரே நிற்பார். களத்தின் நீளமே 37 மீற்றரைத் தாண்டாத ஆட்டத்தில் அத்தகைய உதை ஏறத்தாழ ஒரு பெனால்டிக்குச் சமம். அடிபட்டவர் கடுமையாகக் காயப்பட்டிருந்தால் மட்டும், அவருக்கு மாற்றாக உள்ளே வருபவர் அடிக்கலாம். காயம் கடுமையானதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நடுவர். ஆனால் நடுவர் மருத்துவர் அல்லர்; காலைப் பார்த்துவிட்டு, அணியின் இயன்மருத்துவரது முகத்தைத்தான் பார்ப்பார்.

அன்று அந்த முகம் என்னுடையது.

மூன்றாவதும் கடைசியுமான பன்னிரண்டு நிமிடப் பகுதியில் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. இரு அணிகளும் நான்கு கோல்கள். இந்த ஆட்டத்தில் சமநிலை என்பதே இல்லை. உரிய நேரத்துக்குள் வென்றால் மூன்று புள்ளிகள், மேலதிக நேரத்தில் வென்றால் இரண்டு, பெனால்டிகளில் வென்றால் ஒன்றே ஒன்று. எங்கள் குழுவில் அந்த ஒரு புள்ளி வித்தியாசம் போதும், மறுநாள் பெட்டி கட்டுவதற்கு. அந்த நிலையில்தான் எதிரணி வீரர் ஒருவர் பந்தைத் தவறவிட்டு எங்கள் இளைஞனின் பாதத்தின் வெளிப்புறத்தில் உதைத்தார். காலணி இல்லாத விளையாட்டு. எலும்போடு எலும்பு மோதிய ஓசை எங்கள் இருக்கை வரை கேட்டது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் முழங்காலில் நிமிர்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மணலைக் கூட்டி மேடு கட்டத் தொடங்கியிருந்தான். அதன் உச்சியைத் தட்டி இறுக்கி, நடுவில் முட்டிவிரலால் சின்னக் குழி ஒன்று செய்து, பந்தை அதில் இருத்தினான். பிறகுதான் என்னைப் பார்த்து "முடியும்" என்றான். அதே நேரம் எனக்குப் பின்னாலிருந்து பயிற்றுநரின் குரல் வந்தது: "முடியாது என்று சொல்!"

பயிற்றுநரின் கணக்கை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இத்தகைய போட்டிகளுக்கு ஐரோப்பியக் கழகங்கள் அந்த ஒரு வாரத்துக்கென்றே பிற நாட்டு வீரர்களை அழைத்து வருவது வழமை. எங்களிடமும் அப்படி ஒருவர் இருந்தார். அசையாத பந்தை அவரைப் போல் அடிப்பவர் எங்கள் அணியில் எவரும் இல்லை. அவர் அப்போது வெளியே, கோட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். கீழே கிடந்தவனோ சுவிஸில் மின்னிணைப்புத் தொழில் பயில்பவன். ஆண்டு விடுமுறையில் ஒரு வாரத்தைக் கொடுத்து போர்த்துக்கல் வந்தவன். அதுவரை அந்தப் போட்டியில் அவன் ஒரு கோலும் அடித்திருக்கவில்லை.

அவன் பாதத்தின் வெளி விளிம்பில், ஐந்தாவது பாத எலும்பின் அடிப்பகுதியில், என் பெருவிரலை வைத்து அழுத்தினேன். அவன் மூச்சை இழுத்தான். இது நிச்சயம், இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட, எங்கள் தொழிலில் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த விதிகளின்படி, அந்த இடத்தை அழுத்தி வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காலை வெளிப்புறமாக இழுக்கும் தசைநாண் ஒன்று அந்த எலும்பைத்தான் பற்றியிருக்கிறது. அங்கே வெடிப்பு இருந்து, அவன் அந்தக் காலாலேயே முழு வலுவுடன் உதைத்திருந்தால், வெடிப்பு விலகிப் பெரிதாகியிருக்கலாம். இருபத்திரண்டு வயதுப் பையனின் பாதத்தை ஒரு உதைக்காகப் பணயம் வைக்க நான் யார்? "முடியாது" என்று நான் நடுவரிடம் சொன்னது மருத்துவ அடிப்படையில் சரி.

இப்படி எழுதி முடித்ததும், எழுதாமல் விட்டது கண்ணில் படுகிறது. ஒட்டாவா விதிகள் படம் எடுக்க வேண்டுமா என்பதைச் சொல்பவை. பந்தை உதைக்கலாமா என்பதைச் சொல்பவை அல்ல. அவற்றில் இன்னொரு பகுதியும் உண்டு: நான்கு அடி நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் அவனை நடக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் நடந்திருப்பான் என்று நினைக்கிறேன். அதைவிட முக்கியமானது, நான் அழுத்தியது பயிற்றுநரின் குரலைக் கேட்ட பிறகு. ஓர் இடத்தில் வலி இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு அழுத்தும் விரல், எதிர்பார்ப்பின்றி அழுத்தும் விரலைவிடச் சற்றுக் கூடுதலாக அழுத்தாது என்று இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

வெளியே நின்றவர் உள்ளே வந்தார். அந்த இளைஞன் கட்டிய மேட்டை அவர் கலைக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. இரண்டடி பின்வாங்கி அடித்தார். பந்து கோல் காப்பாளரின் இடது கைக்கு மேலாகப் போனது. ஐந்துக்கு நான்கு என்று வென்றோம். இரண்டு நாளில் வேறொரு அணியிடம் தோற்று வெளியேறினோம். 2017இலும் 2019இலும் போல அந்த ஆண்டும் கிண்ணம் பிராகா கழகத்துக்குத்தான் போனது. ஆகவே அந்த வெற்றியால் எங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை என்று சொல்லலாம். பலமுறை எனக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். தோற்ற அணிக்கு அது கடைசி ஆட்டம் என்பதை அப்போதெல்லாம் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த அணியின் இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். ஆட்டம் முடிந்து நான் அவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னுடைய ஐஸ் பைகள் வெயிலில் தண்ணீராகிவிட்டதைக் கண்டு, தம்முடைய பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து தந்தார். "எலும்பா?" என்று கவலையோடு கேட்டார். "இருக்கலாம்" என்றேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆயினும் அன்று நான் சொன்னவற்றுள் சொல்லும்போதே கூசிய சொல் அது ஒன்றுதான். நடுவரிடம் சொன்ன "முடியாது"கூட அப்படிக் கூசவில்லை. அவர் என்னைத் தொழிலில் தம்மைப் போன்ற ஒருவராக நம்பி ஐஸ் தந்தார்.

மறுநாள் பக்கத்து நகர மருத்துவமனையில் எடுத்த படத்தில் எலும்பு முறிவு இல்லை. மருத்துவர் அதைச் சொன்னதும் அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது நசரேக் கடற்கரையில் பெண்கள் மீனைப் பிளந்து வலைச் சட்டங்களில் காயப்போட்டிருக்கும் இடத்தைக் கடந்தோம். கருவாட்டு வாசம் என்னை எங்கேயோ கொண்டுபோனது. அவனுக்கு அந்த வாசம் பிடிக்காமல் வேகமாக நடந்தான். வேகமாக. நொண்டவில்லை. நான் பின்னால் நின்று அவன் அடிகளை எண்ணினேன்.

தலையசைப்புக்கு வருகிறேன். நெடுங்காலம் அவன் தவறாகப் பார்த்திருக்கிறான் என்றே நம்பியிருந்தேன். என் நினைவில் நடுவர் குனிந்து "இவரால் அடிக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார், நான் "முடியாது" என்கிறேன், தலை அதோடு சேர்ந்து அசைகிறது. ஒரு நாள் வேறொரு நினைவு எழுந்தது. பயிற்றுநர் கத்தியபோது நான் திரும்பி அவரை நோக்கித் தலையை அசைத்தேன். "அப்படிச் சொல்ல மாட்டேன், என் வேலையைச் செய்யவிடுங்கள்" என்ற பொருளில் அசைத்தேன். அதை அந்த இளைஞன் கண்டிருக்க வேண்டும். நடுவரும் கண்டு, காயத்தைப் பற்றிய பதிலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் நான் முதலில் செய்தது மறுப்பு. இந்த நினைவு எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. இவ்வளவு ஆறுதல் தரும் ஒன்று அத்தனை காலம் கழித்து ஏன் எழுந்தது என்றுதான் விளங்கவில்லை.

போன ஆண்டு அவன் முழங்கால் வலி என்று என்னுடைய சிகிச்சை நிலையத்துக்கு வந்தான். இப்போது தனியாகத் தொழில் செய்கிறான், ஆடுவதில்லை. சிகிச்சை முடிந்து காலணி அணிந்துகொண்டிருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். அன்று நான் தலையசைத்தது பயிற்றுநருக்கு, உனக்கு எதிராக அல்ல என்று விளக்கினேன். அவன் நாடாவைக் கட்டி முடிக்கும் வரை யோசித்தான்.

"சரி, இருக்கலாம்" என்றான். "அதற்குப் பிறகு நடுவர் கேட்டாரே, அப்போது?"

நான் ஐந்தாவது பாத எலும்பைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.